மதினி சக்கை வெட்டும் படம்

தென்காசியில் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. மனுக் கொடுக்க வருகிறவர்கள், பட்டா மாற்ற வருகிறவர்கள், ஆதாரில் அப்பா பெயர் தப்பாக விழுந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் என் கடைப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துதான் போவார்கள். கரண்ட் போய்விட்டால் அந்தக் கொஞ்ச நேரம் நீண்டுவிடும். அப்போது அவர்களை வரைவது என் பழக்கம். மை சரியாக விழாத தாள் எந்த ஜெராக்ஸ் கடையிலும் குவிந்து கிடக்கும். அதன் பின்பக்கம் எனக்குப் போதும். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. கையும் கண்ணும் சும்மா இருக்க மறுத்ததால் வந்த பழக்கம்.

பிறகு துணியில் வரைய ஆரம்பித்தேன். வரைகிறவள் என்று ஊருக்குத் தெரிந்ததும் வருகிறவர் போகிறவர் கேட்டது ஒரே கேள்விதான். முருகன் வரைவீங்களா? பிள்ளையார் வரைவீங்களா? வரைய மாட்டேன் என்று சொல்வேன். முருகன்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவரை வரைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சுரண்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் பெஞ்சில் தூங்குகிற மனிதரை வரைய யார் இருக்கிறார்கள்? புளியங்குடியில் எலுமிச்சை மூட்டைமேல் உட்கார்ந்து போனில் மகளைத் திட்டுகிற பெண்ணை யார் வரைவார்கள்? நான் வரைவேன். அதில் எனக்கு ஒரு வீம்பு உண்டு. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று என் அண்ணன் என்னைப் பற்றி அடிக்கடி சொல்வார். மூன்று கால் முயலே இருந்தாலும் அதையும் வரைவேன் என்று நான் பதில் சொல்வேன்.

போன வருஷம் சீசனுக்குக் குற்றாலத்தில் ஒரு ஹால் பிடித்துப் படங்களை மாட்டுவது என்று முடிவெடுத்தேன். தென்காசியில் மாட்டினால் தெரிந்தவர்கள் மரியாதைக்கு வந்து தலையாட்டிவிட்டுப் போவார்கள். குற்றாலத்தில் அருவியில் குளித்துவிட்டுச் சும்மா திரிகிற ஜனங்கள் வருவார்கள். அவர்களுக்கு என்னிடம் மரியாதை காட்ட வேண்டிய அவசியம் இல்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு லாட்ஜின் மாடியில் நீளமான ஹால் ஒன்று காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறும் கையில் சாவிக்கொத்துமாக என்னை விசாரித்தார்.

“சாமி படமாம்மா?”

“இல்ல அண்ணாச்சி. மனுசங்க படம்.”

“தலைவருகளா?”

“இல்ல. சும்மா ஆளுக.”

அவருக்கு விளங்கவில்லை. “சும்மா ஆளுகள எதுக்கு வரையுதிய?”

“சும்மா ஆளுகதான் அண்ணாச்சி சும்மா இருக்கதில்ல. எந்நேரமும் எதையாவது செஞ்சுட்டு இருக்காவ.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சாமி படம்னா வாடகையக் கொஞ்சம் கொறைக்கலாம்னு பாத்தேன்,” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, இதற்கும் குறைத்துக்கொண்டார். நல்ல மனிதர். அவரைப் பற்றிப் பின்னால் சொல்லப்போவதைப் படிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாட்டுவதற்கு வைத்திருந்த படங்களில் பெரியது என் மதினியின் படம். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. எங்கள் அம்மா அப்பா போனபிறகு நான் அண்ணன் வீட்டில்தான் வளர்ந்தேன். மதினி அப்போது புதுப்பெண். எனக்கும் அவளுக்கும் பெரிய வயது வித்தியாசம் கிடையாது. அண்ணன் போலீஸில் இருந்தார். ஊர் ஊராக மாற்றல். அவர் எந்த ஊரில் இருந்தாலும் வீடு மதினியின் கையில்தான் இருந்தது. ரேஷன் கடையில் சண்டை போடுவது, தண்ணீர் லாரியை மறிப்பது, என் பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சரிடம் கேள்வி கேட்பது எல்லாம் அவள்தான்.

அவள் செங்கோட்டைப் பக்கத்துக்காரி. நாங்கள் பலாப்பழம் என்பதை அவள் சக்கை என்பாள். மலையாளத்து வாடை அவர்கள் பேச்சில் கொஞ்சம் உண்டு. அவள் சக்கை வெட்டுவதைப் பார்க்க வேண்டும். பழைய சாக்கை விரித்து, சேலையை ஏற்றிச் செருகி, காலை அகட்டி உட்கார்ந்து, பழத்தை நடுவில் வைத்துக்கொள்வாள். இரண்டு கையிலும் முழங்கை வரை தேங்காய் எண்ணெய். அரிவாளிலும் எண்ணெய். முதல் வெட்டுக்கு முன்னால் பழத்தை ஒருமுறை தட்டிப் பார்ப்பாள். அந்த நேரத்தில் யார் பேசினாலும் காதில் விழாது. அதைத்தான் நான் வரைந்திருந்தேன். எண்ணெய் மினுங்குகிற கையும், பழத்தைப் பார்க்கிற முகமும்.

அந்தப் படத்தை ஆரம்பித்தபோது அவள் நன்றாக இருந்தாள். பாதி முடிந்திருக்கும்போது அவளுக்கு நெஞ்சு வலி வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். ஆபரேஷன் என்றார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் அவள் கைகளை மனப்பாடமாக வரைந்துகொண்டிருந்தேன். பயம் தாங்க முடியாமல்தான் வரைந்தேன். அவள் இல்லாமல் எனக்கு ஒரு ஊரோ வீடோ இருப்பதாக நான் நினைத்ததே இல்லை. அவள் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு படத்தை முடித்தேன். அதனால் அந்தப் படத்தை யார் எடுக்கச் சொன்னாலும் எடுப்பதற்கு எனக்கு மனம் வராது. அவள் ஒருத்தி சொன்னால் மட்டும் எடுப்பேன்.

ஆனால் எடுக்கச் சொன்னது அண்ணன். படங்களை ஏற்றிப்போக லோடு ஆட்டோக்காரரிடம் பேசிவைத்திருந்தேன். அவர் அண்ணன் தெருக்காரர். சாயங்காலமே போன் வந்துவிட்டது.

“ஏட்டி, உங்க மதினி படத்தையும் மாட்டப் போறியாமே?”

“ஆமா.”

“அது வேண்டாம்.”

“ஏன்?”

“உசிரோட இருக்கவள இவ்வளவு பெருசா செவுத்துல மாட்டப்படாது. அதுவும் இப்ப. அவளப் படமாக்கிப் பாக்கணுமா உனக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீடுகளில் சுவரில் பெரிதாக மாட்டுவது இரண்டே வகைப் படம்தான். ஒன்று சாமி. இன்னொன்று செத்துப்போனவர்கள். கல்யாண போட்டோகூட ஆல்பத்தில் ஏறி பீரோவுக்குள் போய்விடும். ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்லக் கூசினால் ‘படமாயிட்டாரு’ என்று சொல்லி முடித்துவிடுவோம். மற்ற படங்களில் இருப்பவர்களுக்கும் உயிர் இருக்கிறதே என்று கேட்டேன். அவர்களெல்லாம் ஊரான் வீட்டு ஆள், இவள் என் பெண்டாட்டி என்றார். சேலையை வேறு ஏற்றிச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கெண்டைக்கால் தெரிகிறது, ஊரே பார்க்கும் என்றார். அது அவருடைய இரண்டாவது காரணம். முதல் காரணத்துக்கு அது ஒரு துணை, அவ்வளவுதான்.

“மதினி சொல்லட்டும். எடுத்துருதேன்,” என்றேன்.

“அவகிட்ட கேக்கப்படாது. மனசுல ஏறிக்கிடும். டாக்டரு என்ன சொல்லிருக்காருன்னு தெரியும்லா? எந்த அதிர்ச்சியும் ஆகாது.”

“அப்ப எடுக்க மாட்டேன்.”

“அத எடுக்காட்டி நான் உன் கடை வாசல் மிதிக்க மாட்டேன்.”

போனை வைத்துவிட்டார். அண்ணன் சொன்னால் செய்கிறவர். ரிட்டயர் ஆன பிறகு தினமும் காலையில் கால்மணி நேரம் என் கடைக்கு வந்து பேப்பர் படித்துவிட்டுப் போவது அவர் வழக்கம். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவர் பேப்பர் பிரிக்காமல் கிடந்தது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் படத்தை எடுக்கிற யோசனை எனக்கு வரவில்லை.

அண்ணனை நான் குறை சொல்லவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மதினி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவளை அவர் பார்த்துக்கொண்டதுபோல எந்த ஆம்பிளை பார்ப்பான்? முப்பது வருஷம் லத்தி பிடித்த கை கோதுமைக் கஞ்சி கிண்டியது. மாத்திரைக்கு அலாரம் வைத்தார். அவள் எழுந்தால் எழுந்தார். கதவைத் திறக்க விடமாட்டார், குனிய விடமாட்டார், வாசல்படி இறங்க விடமாட்டார். சொந்தத்தில் ஒரு சாவு என்றால்கூட அவளிடம் சொல்லக்கூடாது என்று எல்லாருக்கும் உத்தரவு. அவருக்குப் பயம். அந்தப் பயத்தை அவர் ஒரு டூட்டி போல மாற்றிக்கொண்டார்.

நான் வீட்டுக்குப் போனேன். மதினி முன்னறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்கு இரண்டு தலையணை. எதிரே டிவி. பக்கத்து நாற்காலியில் அண்ணன், மடியில் பிரஷர் பார்க்கிற மிஷின்.

“எப்படி இருக்கிய மதினி?” என்றேன்.

“நல்லா இருக்கா,” என்றார் அண்ணன்.

“சாப்பிட்டாச்சா?”

“கஞ்சி குடிச்சா. அரை ஆப்பிள் குடுத்தேன்.”

“தூக்கமெல்லாம் வருதா மதினி?”

“நல்லா தூங்குதா.”

மதினி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் படத்தைப் பற்றி ஆரம்பிக்கப் போகிறேன் என்று தெரிந்து அண்ணன் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பை நான் சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டிருக்கிறேன். அதற்கு ஒரு காலத்தில் பயப்பட்டும் இருக்கிறேன்.

“மதினி, குத்தாலத்துல என் படமெல்லாம் மாட்டப் போறேன். வெள்ளிக்கெழம தொறக்கோம். நீங்க வரணும்,” என்றேன்.

“கூட்டத்துல அவளுக்கு முடியாது,” என்றார் அண்ணன்.

மதினி அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். “அங்கன சாரல் விழுதா?” என்று கேட்டாள்.

“விழுது மதினி. நல்லா விழுது.”

மறுபடியும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். தண்ணீர் லாரியை மறித்த பெண் அவள். அவள் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மீது என்று சொல்லத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனேன். அவள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அவள் படம் ஹாலின் நடுச்சுவரில்தான் இருக்கும் என்று நடக்கும்போதே தீர்மானித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை எல்லாப் படங்களையும் மாட்டினோம். வாசலுக்கு நேர் எதிரே மதினி. உள்ளே நுழைந்தால் முதலில் அவள்தான் கண்ணில் படுவாள். சுற்றிலும் மற்றவர்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர், பஸ்ஸில் நின்றுகொண்டே பூ கட்டுகிற பெண், துபாயிலிருந்து வந்த போனை வீட்டார் எல்லாரும் சுற்றி நின்று பேசுவது, மழைக்கு என் கடை வாசலில் ஒதுங்கி நிற்கிற மனுக்காரர்கள். அண்ணாச்சி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மதினி படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். “நம்ம வீட்டு அம்மா மாதிரி இருக்காவ,” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேலே ஒன்றும் விளக்கவில்லை.

திறப்பு விழாவுக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு பேராசிரியரை அழைத்திருந்தேன். மாலை, சால்வை எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. மாலை இல்லாமல் திறப்பு விழாவா என்று தன் கைக்காசில் ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டிய பெரிய மாலை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் பேராசிரியரிடமிருந்து போன் வந்தது. சம்பந்தி வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, வர முடியாது என்று. போகட்டும் என்று கதவைத் திறந்துவைத்தேன். திறப்பு விழா அதோடு முடிந்தது.

ஜனங்கள் வந்தார்கள். குளித்த தலையோடு, தோளில் ஈரத் துண்டோடு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். நான் சொல்லவில்லை, அவர்களாகவே. ஒருவர் இங்கே ரூம் கிடைக்குமா என்று கேட்டார். ஒரு அம்மாள் பஸ்ஸில் பூ கட்டுகிற பெண்ணின் படத்தைப் பார்த்து, “கட்டுறது தப்பு, நார் வலது கையிலல்லா வரணும்,” என்றார். அவர் சொன்னது சரிதான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பேராசிரியருக்கும் அவரோடு வருகிறவர்களுக்கும் என்று சொல்லிவைத்திருந்த டீயை இந்த ஜனங்களுக்குக் கொடுக்கச் சொல்லலாம் என்று கீழே டீக்கடைக்குப் போனேன். டீக்கடையில் கூட்டம். சொல்லிவிட்டுத் திரும்பக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

திரும்பி வரும்போது லாட்ஜ் வாசலில் அண்ணன் கார் நின்றது. டிரைவர் ஸீட்டில் ஆள் இல்லை. மறுபக்கக் கதவு திறந்து கிடந்தது. மாடிப்படிக்கு ஓடினேன்.

படியில் பாதி வழியில் மதினி நின்றிருந்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வீட்டு வாசல்படிகூட இறங்காதவள்.

“மதினி, அண்ணன் எங்க?”

“என்னய கார்ல உக்காரச் சொல்லிட்டு மேல போனாரு. உன்கிட்ட ஏதோ பேசணுமாம்.” மூச்சு விட்டாள். “நான் குத்தாலம் போவணும்னு சொன்னேன். ஒரு வருஷத்துல நான் கேட்ட மொதத் தடவை. அதான் தட்ட முடியல அவருக்கு.”

நான் கையை நீட்டினேன்.

“கையெல்லாம் குடுக்காத. நானே ஏறுதேன்.”

ஏறினாள். ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினாள். நான் பின்னால் ஏறினேன். ஹால் வாசலில் இரண்டு பேரும் ஒன்றாக நின்றோம்.

எதிர்ச்சுவரில் மதினியின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. பேராசிரியருக்கு வாங்கிய அதே மாலை. படத்து மதினியின் நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கீழே ஒரு வாழைப்பழத்தில் ஊதுபத்தி செருகிப் புகைந்துகொண்டிருந்தது. படத்தின் முன்னால் அண்ணன் அண்ணாச்சியைப் பிடித்து நிறுத்தி ஏசிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் பேசுகிற குரல். குளித்துவிட்டு வந்த குடும்பம் ஒன்று ஓரமாக ஒதுங்கி நின்றது.

அண்ணன் திரும்பினார். வாசலில் மதினியைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் இப்போதும் வரைய முடியாது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு படத்தை மறைத்து நின்றார். பந்தோபஸ்துக்கு நிற்கிறவர்போல நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் படம் இரண்டு பக்கமும் தெரிந்தது. மாலையும் தெரிந்தது.

“நீ ஏன் மேல வந்த? போ, கீழ போ,” என்றார்.

மதினி நேராக நடந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்று, அவர் கையைக் கீழே இறக்கிவிட்டாள். படத்தைப் பார்த்தாள்.

“யாரு போட்டது?”

அண்ணாச்சிக்குப் படத்து முகமும் எதிரே நின்ற முகமும் ஒன்று என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கைகூப்பிவிட்டார்.

“நான்தாம்மா. தெரியாம செஞ்சிட்டேன். வெள்ளிக்கெழமையாச்சேன்னு எல்லாப் படத்துக்கும் பொட்டு வச்சேன். மாலை சும்மா கெடந்துச்சு. இவ்வளவு பெரிய படம், நடுச்செவுரு. தங்கச்சியோட அக்கா போல, தவறிட்டாவ போலன்னு நெனச்சிட்டேன். உசிரோட இருக்கவங்கள யாரும்மா இப்படி மாட்டுவா?”

“கேட்டியா?” என்று அண்ணன் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக, அவர் சொன்னதுதான் சரியோ என்று எனக்குத் தோன்றியது. என் பிடிவாதம்தானே அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

“இப்படி ஆனா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாவம்மா,” என்றார் அண்ணாச்சி, பரிதாபமாக.

அண்ணன் மறுபடி அவர்மேல் பாய்ந்தார். “வாய மூடும்வே. உமக்கு யாரு பொட்டு வைக்கச் சொன்னா?”

“அவர எதுக்கு ஏசுதிய?” என்றாள் மதினி.

சத்தமாகச் சொல்லவில்லை. அண்ணன் நிறுத்திக்கொண்டார்.

“ஒரு வருஷமா வீட்டுல என்னய எப்படி வச்சிருக்கிய? ஒரு எடத்துல உக்கார வச்சு, வேளா வேளைக்குப் படைச்சு, யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்லப்படாது, கேக்கப்படாது. மாலைதான் பாக்கி இருந்துச்சு. அத இவரு போட்டுட்டாரு. இவரு மேல என்ன தப்பு இருக்கு?”

அண்ணன் எதுவோ சொல்ல வாயெடுத்தார். “டாக்டரு...” என்றார்.

“டாக்டரு நடக்கச் சொன்னாரு. நீங்கதான் உக்காரச் சொன்னிய.”

ஒரு வருஷமாக அவள் வீட்டுக்குப் போய், எப்படி இருக்கிறீர்கள் என்று அவளைக் கேட்டுவிட்டு, பதிலை அண்ணனிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்தவள்தானே நானும்.

மதினி படத்தின் கிட்டே போனாள். கண்ணாடி போடுகிறவள் இல்லையாதலால் முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “கைக்கு எண்ணெய் சரியா போட்டிருக்க,” என்றாள் என்னிடம். “சக்கைதான் காயா இருக்கு. இப்படிப்பட்ட சக்கைய நான் வெட்ட மாட்டேன். இன்னும் ரெண்டு நாள் சாக்குல சுத்தி வைப்பேன்.”

“சரி மதினி,” என்றேன்.

“படத்த எடுத்துருவோம்,” என்றார் அண்ணன். அவர் குரலில் இப்போது அதிகாரம் இல்லை. கெஞ்சினார்.

“படம் இருக்கட்டும். எனக்குப் பிடிச்சிருக்கு. மாலைதான் வேண்டாம்.”

அண்ணாச்சி பதறிக்கொண்டு மாலையைக் கழற்றப் போனார். மதினி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். “நீங்க இருங்க அண்ணாச்சி.” சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் சேரை அவளே இழுத்துப் படத்துக்குக் கீழே போட்டாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். அந்தச் செருகலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இனி இவளை யாரும் தடுக்க முடியாது என்று.

அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏறாத. சொன்னாக் கேளு. நான் எடுக்கேன்.”

“விடுங்க.”

அவர் விடவில்லை.

“சேரப் பிடிங்க,” என்றாள் மதினி. “என்னயப் பிடிக்காதிய.”

அவர் அவள் கையை விட்டார். குனிந்து, முட்டி போட்டு, சேரின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மதினி ஏறினாள். தன் கழுத்திலிருந்து மாலையைத் தானே கழற்றினாள். மாலை கனம், சம்பங்கி உதிர்ந்து அண்ணன் தலையில் விழுந்தது. அவர் தலையைத் தூக்கவே இல்லை. அவர் கவனமெல்லாம் அந்தச் சேரில்தான் இருந்தது. இறங்கினாள்.

அண்ணாச்சி இரண்டு கையையும் நீட்டினார். “குடுங்கம்மா. படத்துக்குப் போட்டத வீட்டுக்குக் கொண்டு போகப்படாது. ஆத்துல விட்டுருதேன்.”

“உசிரோட இருக்கவளுக்குப் போட்ட மாலை அண்ணாச்சி. எதுக்கு ஆத்துல விடணும்?”

மாலையை இடது கையில் போட்டுக்கொண்டாள். ஹாலை ஒரு சுற்று சுற்றி எல்லாப் படங்களையும் பார்த்தாள். ஒதுங்கி நின்ற குடும்பமும் அவள் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தது. எனக்குத் தெரிந்து அந்தக் கண்காட்சியில் ஒரு படம் விடாமல் பார்த்தவர்கள் அவர்கள்தான். குங்குமம் துணியில் ஊறிவிட்டது, துடைத்தால் பெயிண்டும் வந்துவிடும் என்று அண்ணாச்சியிடம் அலுத்துக்கொண்டேன். படத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தால் துடைத்திருக்கலாமே என்று அவர் எனக்கே புத்தி சொன்னார்.

கீழே இறங்கும்போதும் மதினி கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கினாள். அண்ணன் ஓடிப்போய்க் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மதினி கார்ப் பக்கம் திரும்பவில்லை. கடைத்தெருப் பக்கம் பார்த்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது.

“அருவி வரைக்கும் போய்ட்டு வாரேன்,” என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். சொல்லிவிட்டு நடந்தாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். என்ன செய்வது என்று அவர் என்னிடம் கேட்ட ஒரே தடவை அதுதான்.

“கூடப் போங்க அண்ணே,” என்றேன். “முன்னால போயிராதிய.”

அவர் காரிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். அவளை எட்டிப் பிடித்து அவள் தலைக்கு மேல் விரித்தார். மதினி திரும்பிப் பார்க்காமலே மாலை இல்லாத கையால் குடையைத் தள்ளிவிட்டாள். அவர் குடையை மடக்கினார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழுக்கைத் தலை நனைய, அவள் பின்னால் நடந்து போனார்.